பட்டியலில் ஒரு பெயர்

ஆறு பத்துக்குத் தலைப்பு வந்தது. சுடர்க்கொடி ஒப்பனை நாற்காலியில் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மடியில் கிடந்த போன் இரண்டு தடவை அதிர்ந்தது. தினமும் அதிர்வதுதான். ஏழு மணி விவாதத்துக்கு இன்ன தலைப்பு, இன்னின்ன விருந்தினர் என்று தயாரிப்பாளன் முபாரக் அனுப்புவான். அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்வாள். இன்றைக்கும் ஒற்றைக் கண்ணைத்தான் திறந்தாள். 'நெறியாளரா, நிதியளிப்பாளரா? கட்சிக்குப் பணம் கொடுக்கும் செய்தி முகங்கள்.' அதற்குக் கீழே போட்டிச் சேனலின் கிருபாகரன் கோட்டு போட்டுக்கொண்டு கையை நீட்டிப் பேசுகிற படம், படத்தின் மேல் சிவப்பு வட்டம். கிருபாகரன் ஆளும்கட்சிக்கு ஐந்து லட்சம் கொடுத்தது தேர்தல் ஆணையத்தின் நன்கொடைப் பட்டியலில் இருக்கிறது என்று மத்தியானத்திலிருந்து ஊரே பேசிக்கொண்டிருந்தது. அவளும் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் கேன்டீனில் தயிர்சாதத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "கண்ணை மூடுங்க மேடம், மை இழுவிக்கிடும்" என்றாள் ஒப்பனைக்காரி ஜெசிந்தா. மூடினாள். மூடின இமைக்குள்ளும் அந்தச் சிவப்பு வட்டம் நின்றது, உள்ளே ஆள் இல்லாமல், யாராவது வந்து முகத்தைக் கொடுக்கட்டும் என்பதுபோல.

ஏனென்றால் ஆணையத்தின் அதே இணையதளத்தில், வேறொரு சின்னக் கட்சியின் அறிக்கையில், பதினோராம் பக்கத்தில் அவள் பெயரும் இருக்கிறது. மத்தியானம் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு போனில் தேடிப் பார்த்தாள். மா. சுடர்க்கொடி, வேளச்சேரி, முப்பதாயிரம், வங்கிப் பரிமாற்றம். எழுத்துப் பிழைகூட இல்லை. பிழை இருந்திருந்தால் வேறு யாரோ என்று சொல்லியிருக்கலாம், சுடர்க்கொடி என்று நாட்டில் எத்தனை பேர் இல்லை, எத்தனை பேர் இருக்கிறார்கள், தெரிந்து ஒருத்திகூட இல்லை, அப்பா எங்கேயோ மேடையில் கேட்டுவிட்டு வந்து ஆசையாக வைத்த பெயர், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போதே தனியாகத் தெரியும். வேளச்சேரி வேறு. ஆறு பத்துக்கு இந்தத் தலைப்பை யார் போட்டது? முபாரக்கா? முபாரக் என்றால் மூன்று மணிக்கே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மேடம், இன்னைக்கு எதை எடுக்கலாம்?" என்று கேட்டிருப்பான். மூன்று மணிக்கு அவன் வரவில்லை. வந்தான், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று உள்ளே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். போன் பேசிக்கொண்டு போனான் என்று அப்போது நினைத்தாள். போன் அவன் காதில் இருந்ததா? கையில்தான் இருந்தது. அப்படியானால் எதற்கு வந்தான், எதற்குப் பார்த்தான், எதற்குப் போனான்? ஜெசிந்தாவின் பஞ்சு கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்து சட்டென்று நின்றது. நின்ற இடத்திலேயே ஒரு கணம் அழுந்தியது. "என்ன?" என்றாள் சுடர்க்கொடி கண்ணைத் திறக்காமல். "ஒண்ணுமில்ல மேடம், இங்க கொஞ்சம் கருவளையம் தெரியுது. ராத்திரி தூங்கலையா?" தூங்கினேனா என்று எதற்குக் கேட்கிறாள்? நாலு வருஷமாக இந்த முகத்தைத் தொடுகிறவள், கருவளையம் இன்றைக்குத்தான் புதிதாக முளைத்ததா? ஒப்பனை அறைக்குத்தான் எல்லாச் செய்தியும் முதலில் வரும். ஆசிரியர் குழுவுக்கு வருவதற்கு முன்னால் இங்கே வரும். யாருக்குக் கல்யாணம், யாருக்கு விவாகரத்து, யார் அடுத்த மாதம் வேறு சேனலுக்குப் போகிறார்கள் எல்லாம் இந்தப் பவுடர் வாசனைக்குள்தான் பேசப்படும். "தூங்கினேன்" என்றாள். பொய் சொல்லவில்லை. நேற்று ராத்திரி நன்றாகத்தான் தூங்கினாள். அதை நினைக்கத்தான் இப்போது கூச்சமாக இருந்தது.

பணம் கொடுத்த நாளை அவளால் துல்லியமாகச் சொல்ல முடியும், பால் பொங்கிக்கொண்டிருந்த காலை அது. ஒரு கையால் அடுப்பைச் சிம்மில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் போனில் அனுப்பினாள், அவ்வளவுதான், பாலைவிடச் சீக்கிரம் முடிந்துபோன காரியம். தங்கை செந்தாமரை ஒப்பந்த நர்சாக இருந்தபோது, கர்ப்பமானதற்காக வேலையைவிட்டு நிறுத்தப்பட்டாள். வழக்கறிஞர் திலகராணிதான் அந்த வழக்கை எடுத்தார். நாலு வருஷம், முப்பத்தியெட்டு வாய்தா, ஒரு பைசா வாங்கவில்லை. தீர்ப்பு வந்த அன்றைக்கு நீதிமன்ற வாசலில் வைத்து ஒரு சீப்பு மலைவாழைப்பழம் கொடுத்தபோது, "இது போதும்" என்று அங்கேயே ஒன்றை உரித்துத் தின்றவர். அவர் அந்தச் சின்னக் கட்சி சார்பில் தேர்தலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டால் எப்படிச் சும்மா இருப்பது? யார்தான் சும்மா இருப்பார்கள்? இதை அவள் எத்தனையோ தடவை தனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நீதிபதி இல்லாத கோர்ட்டில் ஒரு தரப்பாகவே வாதாடி ஒரு தரப்பாகவே ஜெயித்திருக்கிறாள். பணம் போன மறுநாளே கட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "அம்மா, இருபதாயிரத்துக்கு மேல போனா பேர், விலாசம், பான் நம்பர் எல்லாம் கணக்குல காட்டணும்மா, கொஞ்சம் சொல்றீங்களா?" அப்போதாவது சுதாரித்திருக்கலாம். பத்தாயிரத்தைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் ஐயா என்று சொல்லியிருந்தால் இன்றைக்குப் பதினோராம் பக்கமே இல்லை. ஆனால் சொன்னாள், எண்ணை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அப்பா அருப்புக்கோட்டை லாரி புக்கிங் ஆபீசில் இருந்த காலத்தில் சொல்வார், ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தால் நன்கொடை, வாங்காமல் கொடுத்தால் லஞ்சம் என்று. அவள் ரசீதோடுதான் கொடுத்தாள். யோசித்துப் பார்த்தால் இதுதான் வேடிக்கை. நேர்மையாகக் கணக்கு எழுதுகிற கட்சிக்குக் கொடுத்ததால் பெயர் வெளியே வந்தது. மூட்டையாக வாங்கி மூட்டையாகச் செலவழிக்கிற கட்சிக்குக் கொடுத்திருந்தால் ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கட்டடத்தில் அப்படிக் கொடுத்தவர்கள் எத்தனை பேர்? கல்யாணத்துக்கு மொய், பத்திரிகைக்கு விளம்பரம், மகன் பிறந்தநாளுக்குப் பட்டு வேட்டி என்று எத்தனை வழி? ஆனால் இந்த நினைப்பு அவளுக்கு உதவவில்லை. பக்கத்து வீட்டுக்காரனும் திருடுகிறான் என்பது எந்தத் திருடனுக்கு உதவியிருக்கிறது, என்று விவாதத்தில் யாராவது இதே பதிலைச் சொன்னால் அவளே கேட்பாள், கேட்டிருக்கிறாள், கைதட்டல்கூட வந்தது.

அதைவிட ஒன்று இருக்கிறது, அதைத்தான் நெருங்காமல் சுற்றிச்சுற்றி வருகிறாள். சேனலின் நடத்தை விதிகளை எழுதிய மூன்று பேர் குழுவில் அவளும் ஒருத்தி. 'செய்திப் பிரிவில் பணிபுரிவோர் எந்த அரசியல் கட்சிக்கும் நிதியோ பொருளோ தரலாகாது' என்று முதலில் எழுதியிருந்தார்கள். அவள்தான் பேனாவை வாங்கி, 'உழைப்போ' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாள். அந்த ஒரு சொல்லுக்காக அரைமணி நேரம் வாதாடினாள். பணம் இல்லாதவன் உழைப்பைக் கொடுப்பான், அதுவும் சாய்வுதான் என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். அது நடந்து ஒன்பது மாதம் கழித்துத்தான் பால் பொங்கியது. மறந்துபோய்ச் செய்தாளா? இல்லை. நினைவிருந்தது. அடுப்பைச் சிம்மில் வைத்த கைக்கு நினைவிருந்தது, அனுப்பிய கைக்கு இல்லை, இப்படியெல்லாம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறது மனசு. இது கட்சிக்குக் கொடுப்பதல்ல, திலகராணிக்குக் கொடுப்பது, வக்கீல் பீஸ், நாலு வருஷம் தாமதமான வக்கீல் பீஸ் என்று அன்றைக்கு நினைத்தாள். பீஸ் என்றால் வக்கீலின் கணக்குக்கு அனுப்பியிருக்க வேண்டும். "தலையைக் கொஞ்சம் நிமித்துங்க" என்றாள் ஜெசிந்தா. ஜெசிந்தாவின் விரலில் ஆரஞ்சுத் தோல் வாசனை. மத்தியானம் யாரோடு உட்கார்ந்து ஆரஞ்சு தின்றாள்? முபாரக்கின் மேஜையில் ஆரஞ்சு இருந்தது. சீ, இது என்ன நினைப்பு, ஆரஞ்சு எல்லா மேஜையிலும்தான் இருக்கும். ஆனாலும் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கிண்டிப் பக்கம் மெட்ரோ ரயில் ஒன்று வெளிச்சத்தை இழுத்துக்கொண்டு போனது. அதில் இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போய், முகம் கழுவி, டிவியைப் போடுவார்கள். போட்டால் இவள் வருவாள், கிருபாகரன் பெயரைச் சொல்லி, ஒரு பத்திரிகையாளர் கட்சிக்குப் பணம் கொடுக்கலாமா என்று கேட்பாள். அவளுடைய வாய் கேட்கும். நன்றாகக் கேட்கும், அதுதான் பயம். குரல் கொஞ்சமும் நடுங்காது என்பது அவளுக்குத் தெரியும்.

கொடுத்தால் என்ன, என் கேள்வி மாறவில்லையே என்று இத்தனை நாள் ஒரு தைரியம் இருந்தது. மாறவில்லையா? திலகராணி தேர்தலில் தோற்றார். தோற்ற மூன்றாம் மாதம், கட்சியின் மாநிலத் தலைவியாகி, இதே சேனலுக்குப் பேட்டிக்கு வந்தார். அவரைப் பேட்டி எடுத்தது சுடர்க்கொடி. கையில் ஏழு அட்டை, அட்டைக்கு ஒரு கேள்வி. நான்காவது அட்டையில், 'உங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர் மீது ஒரு பெண் தொண்டர் கொடுத்த பாலியல் புகாரை ஏழு மாதமாகக் கட்சி ஏன் விசாரிக்கவில்லை?' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. அந்தப் பெண் பேச்சியம்மாள், தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவள், எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து இவளிடம் பேசியிருந்தாள். "நீங்க கேட்டாதான் மேடம் அவங்க காதுல ஏறும். கேப்பீங்களா?" "கேப்பேன்மா" என்றாள் சுடர்க்கொடி. மூன்றாவது அட்டை முடிந்தபோது காதில் முபாரக், "ரெண்டு நிமிஷந்தான் இருக்கு மேடம்" என்றான். ரெண்டு நிமிஷத்தில் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். பதிலும் வாங்கலாம். அவள் நான்காவது அட்டையை அடியில் செருகிவிட்டு, ஏழாவது அட்டையை எடுத்து, "இவ்வளவு போராட்டத்துக்கு நடுவுல உங்களுக்குப் பாட்டு கேக்க நேரம் இருக்கா?" என்று கேட்டாள். திலகராணி சிரித்தார். அழகான சிரிப்பு. அன்றைக்குச் சாயங்காலம் பேச்சியம்மாளிடமிருந்து ஒரு வரி வந்தது. 'பாத்தேன் மேடம்.' அவ்வளவுதான். திட்டவில்லை, அழவில்லை. இரண்டு சொல். அதற்கு இவள், 'நேரம் போதவில்லை அம்மா' என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்து, மறுபடி எழுதி, கடைசியில் எதையும் அனுப்பவில்லை. நேரம் போதவில்லையா? நேரந்தான் போதவில்லை. ரெண்டு நிமிஷம் என்று முபாரக் சொன்னது உண்மை. ஆனால் ஒரு மந்திரி உட்கார்ந்திருந்தால், ரெண்டு நிமிஷம் என்ன, முப்பது விநாடியில் கழுத்தைப் பிடித்திருப்பாள். அப்படியானால் பணத்துக்காக விட்டாளா? பணம் கொடுத்தவள் இவள், வாங்கியவள் இல்லையே, கொடுத்தவள் எதற்குப் பயப்பட வேண்டும்? பணம் கொடுக்காமலே இருந்திருந்தாலும் தங்கையின் வழக்குக்காக விட்டிருப்பாளோ? அந்த மலைவாழைப்பழத்துக்காகவோ? எந்த இடத்தில் தொட்டாலும் வலிக்கிற பல்லைப்போல இது. எந்தப் பல் என்று மட்டும் தெரியவில்லை.

கதவு தட்டாமல் திறந்தது. தட்டாமல் திறக்கிறவர் ஒருவர்தான். செய்தி ஆசிரியர் தேவநேசன், அரைக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, சிரித்த முகம். "ஜெசிந்தா, ரெண்டு நிமிஷம் வெளியில இரும்மா" என்றார். ஜெசிந்தா சீப்பை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள். பார்க்காமல் போனாள் என்பதைச் சுடர்க்கொடி பார்த்தாள். தேவநேசன் பக்கத்து நாற்காலியில் உட்காரவில்லை, அவளுக்குப் பின்னால் நின்றார், அதனால் கண்ணாடிக்குள் இருக்கிற தேவநேசனோடுதான் பேச வேண்டியிருந்தது. "தலைப்பு பாத்தியா சுடர்?" "பாத்தேன் சார். முபாரக் என்கிட்ட கேக்கவே இல்லை." "நான்தான் போடச் சொன்னேன். கிருபாகரனை விடாத. அஞ்சு லட்சம், சும்மாவா? போட்டிச் சேனலோட மானம் கப்பலேறும். ஆனா ஒண்ணு." விளக்குகளில் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்ததை விரலால் தட்டிப் பார்த்தார். "பொதுவாப் பேசாத. எந்தப் பத்திரிகையாளரும், எந்தக் கட்சிக்கும்னு இழுக்காத. அவன், அவன் குடுத்த கட்சி, அஞ்சு லட்சம். அதோட நிறுத்திக்க." "ஏன் சார்?" "ஏன்னு உனக்குத் தெரியும்." துண்டுக்குள் கழுத்து வேர்த்தது. "பதினோராம் பக்கம்" என்றார் அவர், பஸ் நம்பர் சொல்வதுபோல.

"எப்பத்திலேருந்து தெரியும் சார்?" "ரெண்டு மாசம் இருக்கும். அறிக்கை வந்த அன்னைக்கே ஆள் வெச்சுத் தேடிட்டோம். நம்ம ஆளுங்க யாராவது இருக்காங்களான்னு பாத்துக்கணும்ல." "யார் யாருக்குத் தெரியும்?" "எனக்கு. சேர்மனுக்கு. வேற யாருக்கும் தெரியாது, தெரியவும் விடமாட்டோம். உனக்கு நாங்க இருக்கோம்ல?" "என்கிட்ட நீங்க விளக்கம் கேட்டிருக்கணும் சார். விதி இருக்கு. நான் எழுதின விதி." தேவநேசன் சிரித்தார். நிஜமாகவே அவருக்குச் சிரிப்பு வந்தது, அதில் கெட்ட எண்ணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை, அதுதான் அவளை உறுத்தியது. "உன்கிட்ட என்னத்தக் கேக்கிறது? உன்னை எனக்குத் தெரியாதா? ஏதோ நன்றிக்கடன், குடுத்திருப்ப. முப்பதாயிரம் ஒரு காசா?" கதவுவரை போனவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்புறம், வியாழக்கிழமை மந்திரி வர்றார்ல. அந்தத் துறைமுகச் சாலை டெண்டர் கேள்வியை மட்டும் எடுத்துடு. சேர்மன் சொல்லச் சொன்னார்." "கிருபாகரனை அடிக்கச் சொல்றீங்க, அதே கட்சி மந்திரியை விடச் சொல்றீங்க." "கிருபாகரனை அடிச்சா அவன் சேனலுக்குத்தான் வலிக்கும். மந்திரிக்கு ஏன் வலிக்கப்போவுது?" "அதுக்கும் பதினோராம் பக்கத்துக்கும் என்ன சார் சம்பந்தம்?" "சம்பந்தம் இருக்குன்னு நான் சொன்னேனா?" என்றார் தேவநேசன், ஆச்சரியப்பட்டதுபோல. கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

ஆறு நாற்பத்தைந்துக்கு அவள் ஸ்டூடியோவுக்கு நடந்தாள். நீளமான நடை அது, இரண்டு பக்கமும் கண்ணாடி அறைகள், ஒவ்வொரு அறையிலும் யாராவது நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார்கள். ரெண்டு மாதம். அந்த ரெண்டு மாதத்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டே நடந்தாள். காரை லிப்டுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று இடம் கொடுத்தது ரெண்டு மாதத்துக்குள். செந்தாமரை மகளின் காதுகுத்துக்கு ஐந்து நாள் விடுப்பு கேட்டபோது ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்து விழுந்தது, ரெண்டு மாதத்துக்குள். சேர்மன் வீட்டிலிருந்து ஒரு கூடை மாம்பழம், 'சகோதரிக்கு அன்புடன்' என்று சீட்டு வைத்து. அத்தனையையும் தன் பதினேழு வருஷ உழைப்புக்கு மரியாதை என்று நினைத்து, இனிப்பாக இருக்கிறதென்று மூன்று பழம் தின்றாள். சேர்மனுக்குத் தன்னைப் பிடித்திருக்கிறது என்று புருஷனிடம் பெருமையடித்தாள். கசாப்புக்காரன் ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போடுவான், பிடித்திருப்பதால்தான் போடுகிறான், அதிலும் பொய்யில்லை. ரெண்டு மாதத்துக்கு முந்திய நல்லவை? போன வருஷம் சம்பளம் உயர்ந்ததே, அது எந்தப் பக்கத்துக்காக? முந்தின வருஷம் சிறந்த நெறியாளர் விருதுக்கு அவள் பெயரை அனுப்பினார்களே? இப்படிப் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் எங்கே நிற்பது? முதல் நாள் வேலைக்கு எடுத்ததில் போய் நிற்கும், அப்பா வைத்த பெயரில் போய் நிற்கும், இந்தப் பெயர் உள்ளவள் இந்தப் பக்கம்தான் சாய்வாள் என்று அன்றைக்கே யாரோ கணக்குப் போட்டார்களோ என்று தோன்றும். தோன்றியது. தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு டம்ளர் குடித்தாள். செந்தாமரைக்கு ஒரு போன் போட்டுப் பேசலாமா என்று நினைத்தாள். பேசினால் என்ன சொல்வாள், "உனக்கெதுக்குக்கா இந்த வேலை, பேசாம வாயை மூடிட்டுப் போ" என்பாள், அவள் சொல்வதுதான் நியாயமாகவும் இருக்கும். வாயை மூடிக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது. கிருபாகரனைப் பற்றி நாலு கேள்வி கேட்கலாம், வியாழக்கிழமை ஒரு கேள்வியை விட்டுவிடலாம். ஒரு கேள்வியை விடுவது எப்படி என்று தெரியாதவளா? அடியில் செருகிவிட்டு அடுத்ததை எடுத்தால் போதும். அதற்கடுத்த வியாழக்கிழமை இன்னொன்று. முப்பதாயிரத்துக்கு வாழ்நாள் பூராவும் வட்டி. பதிலுக்கு மாம்பழம் வரும்.

ஸ்டூடியோவில் குளிர் எலும்புக்குள் இறங்கியது. எதிரே ஆளும்கட்சிப் பேச்சாளர் நாவரசு, வெள்ளைச் சட்டையும் பைக்குள் இரண்டு பேனாவுமாக, தண்ணீர் பாட்டிலின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இதழியல் பேராசிரியை மெர்சி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கீங்களா சுடர்?" என்றார். நல்லாயிருக்கிறேனா என்று ஏன் கேட்கிறார், எப்போதும் கேட்பதுதான், எப்போதும் கேட்டிருக்கிறாரா? காதுக்குள் கருவி ஏறியது. "மேடம், குரல் கேக்குதா?" என்றான் முபாரக். அவன் குரலில் ஏதாவது இருக்கிறதா என்று துழாவினாள். எதுவும் இல்லை. அல்லது அவனுக்கு மறைக்கத் தெரிந்திருக்கிறது. "மூணு மணிக்கு ஏன் வந்துட்டுத் திரும்பிப் போன?" என்று கேட்டாள். காதுக்குள் ஒரு நொடி இரைச்சல். "எடிட்டர் உங்ககிட்ட பேச வேணாம்னு சொன்னார் மேடம். ஏன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா." சத்தியமா என்று ஏன் சேர்க்கிறான்? பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணத் தொடங்கினான். கேமராவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வணக்கம். நெறியாளரா, நிதியளிப்பாளரா? மக்களின் பெயரால் கேள்வி கேட்பவர்கள் ஒரு கட்சியின் கஜானாவில் காசு போடலாமா?" எதிரே கண்ணாடியில் ஓடிய எழுத்துகளை வாசித்தாள், குரல் நடுங்கவில்லை, அவள் நினைத்தபடியே. அடுத்த வரியில் கிருபாகரன் பெயர் வந்துகொண்டிருந்தது. கீழேயிருந்து மேலே ஏறி வந்தது, கண்ணுக்கு நேராக நின்றது, அவள் வாசிக்கவில்லை, அது மேலேறி மறைந்தது. "இந்த விவாதத்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்று தன் குரல் சொல்வதைக் கேட்டாள். "நானும் கொடுத்திருக்கேன். பதினாலு மாசத்துக்கு முன்னாடி, வழக்கறிஞர் திலகராணியோட கட்சிக்கு, முப்பதாயிரம் ரூபாய். கொடுக்கக்கூடாதுன்னு எங்க நிறுவனத்துல விதி இருக்கு. அந்த விதியை எழுதினவங்கள்ல நானும் ஒருத்தி. நிறுவனத்துக்குச் சொல்லல, பார்க்கிற உங்களுக்கும் சொல்லல. நிறுவனத்துக்கு அதுவாத் தெரிஞ்சு ரெண்டு மாசமாச்சு. இன்னைக்கு, என் பேரு வராதபடி பேசுன்னு எனக்குச் சொல்லப்பட்டிச்சு. வர்ற வியாழக்கிழமை மந்திரிகிட்ட துறைமுகச் சாலை டெண்டரைப் பத்திக் கேக்கவேணாம்னும் சொல்லப்பட்டிச்சு." நாவரசுவின் நகம் லேபிளில் நின்றுவிட்டது. காதுக்குள் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு தூரத்தில் தேவநேசனின் குரல், மைக்குக்கு வெளியே கத்தினார், "விளம்பரத்தைப் போடுறா!" முபாரக் மெதுவாக, ஒரு கேள்வியைப்போல, "போடவா மேடம்?" என்றான். அவள் கேமராவைப் பார்த்து மிக லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்று. சிவப்பு விளக்கு அணையவில்லை. விசுவாசத்தில் அணைக்காமல் விட்டானா, இன்றைக்கு ஊரே இந்தச் சேனலைத்தான் பார்க்கும் என்று விட்டானா, அவளுக்குத் தெரியாது, இனி எப்போதும் தெரியப்போவதில்லை. தன்னைப் பற்றியும் அதேதான். உண்மையைச் சொன்னேனா, அவர்கள் பிடியை விலக்க முந்திக்கொண்டேனா? இரண்டும் ஒரே வாக்கியத்தில்தான் வந்தன.

"பேராசிரியர், நீங்க கேளுங்க" என்றாள். "இன்னைக்கு நீங்கதான் கேக்கணும்." மெர்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் பரிதாபம் இல்லை, அதற்காகச் சுடர்க்கொடி அவருக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள். "அந்தக் கட்சித் தலைவியை நீங்க பேட்டி எடுத்திருக்கீங்க. கொடுத்தது உங்க பணம், அதை விட்டுடலாம். உங்க வேலையை அது மாத்துச்சா? அதைச் சொல்லுங்க." இல்லை என்று சொல்லலாம். நாட்டில் யாராலும் அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது, ஒருத்தியைத் தவிர, அவளும் நிரூபிக்க வரமாட்டாள். "ஒரு கேள்வியைக் கேக்கல" என்றாள். "அந்தக் கட்சியில ஒரு பொண்ணு கொடுத்த புகாரை ஏழு மாசமா ஏன் விசாரிக்கலைன்னு கேட்டிருக்கணும். எழுதி வெச்சிருந்தேன். கேக்கிறேன்னு அந்தப் பொண்ணுக்கு வாக்கும் கொடுத்திருந்தேன். கேக்காம விட்டுட்டேன்." பெயரைச் சொல்லவில்லை. "பணம் கொடுத்ததாலயா?" என்றார் மெர்சி. இந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேரை, தெரியாது என்று சொல்லித் தப்பிக்காதீர்கள் என்று மடக்கியிருக்கிறாள். வாய் வழக்கம்போல ஒரு நல்ல வாக்கியத்தைத் தேடியது. கிடைக்கவும் செய்தது, ஒன்றல்ல, இரண்டு மூன்று, எல்லாமே எடுப்பாக இருந்தன. அவற்றை விட்டாள்.

"தெரியலை" என்றாள்.

எதிரே இருந்த இரண்டு பேரும் அதற்குமேல் ஏதாவது வரும் என்று காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.